"ஒண்ணும் பண்ணாது சார்!"
பயிற்சி வகுப்பில் பாய்ந்தது அல்சேஷன். பதறியது நாட்டு நாய்

சென்னை,

நாய்க்கு ஒழுக்கம் கற்றுக் கொடுக்கும் வகுப்பிலேயே ஒரு நாய் இன்னொரு நாய் மீது பாய்ந்தது. கடி இல்லை. போலீசில் புகாரும் இல்லை. ஆனால் அந்த மைதானத்தில் நின்றவர்களுக்கு ஈரக்குலை நடுங்கி விட்டது. ஒரு பெண்ணின் ஆறு வார உழைப்பும் மண்ணோடு மண்ணாகிப் போனது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தென்சென்னையில் ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை 6½ மணிக்கு அங்கே நாய்ப் பயிற்சி நடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடித்து விடுவார்கள். சொல்லிக் கொடுப்பவரை எல்லோரும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்று வந்தவை எட்டு நாய்கள். லாப்ரடார் மூன்று, டாபர்மேன் ஒன்று, பொமரேனியன் ஒன்று, வெள்ளை வெளேர் என்று ஒரு ராஜபாளையம். ஏழாவது, காது மடங்கிய செவலை நாட்டு நாய். எட்டாவது, புதிதாகச் சேர்ந்த அல்சேஷன். ஜெர்மன் ஷெப்பர்டு என்று இப்போது நாகரிகமாகச் சொல்கிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கு அல்சேஷன் என்றால்தான் பயம் வரும்.

அல்சேஷனைக் கூட்டி வந்தவர் ஒரு கடை முதலாளி. வயது ஐம்பதுக்கு மேல். ஒரு கையில் செல்போன். மறு கையில், இழுக்க இழுக்க நீண்டு கொண்டே போகும் சுருள் கயிறு.

செவலையைக் கூட்டி வந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் இளம்பெண். தெருவில் அடிபட்டுக் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தவர். சிறு வயதில் மற்ற நாய்களிடம் கடிபட்டதால், எந்த நாயைக் கண்டாலும் அதற்கு உதறல். "ஓடாமல் நிற்பது" என்ற ஒரே பாடத்தை ஆறு வாரமாகக் கற்றுக் கொண்டிருந்தது.

பாய்ந்தது

எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அல்சேஷன் மட்டும் குரைக்கவில்லை. வாயை மூடிக் கொண்டு செவலையையே வெறித்துப் பார்த்தது. வால் கொடிக்கம்பம் போல நின்றது. சொந்தக்காரர் செல்போனில் யாருக்கோ சரக்கு அனுப்பச் சொல்லிக் கொண்டிருந்தார்.

அடுத்த நிமிடம் "வள்" என்று ஒரு சத்தம். சுருள் கயிறு சரசரவென்று ஓடியது. அல்சேஷன் செவலையின் கழுத்துக்கு அரை அடி தூரத்தில் நின்றது. அதுவும் தானாக நிற்கவில்லை. மாஸ்டர் குறுக்கே விழுந்து கயிற்றை வெறும் கையால் பிடித்ததால் நின்றது. கயிறு உரசி அவர் உள்ளங்கை தீய்ந்து விட்டது.

செவலை மல்லாந்து விழுந்து, அலறி, மூத்திரம் விட்டது. அந்தப் பெண் அதன் மேல் கவிழ்ந்து படுத்துக் கொண்டார்.

அப்போது கடை முதலாளி சொன்னார்:-

"ஒண்ணும் பண்ணாது சார். சும்மா வெளையாடுது."

இந்த வாசகம் நிருபருக்குப் புதிதல்ல. போலீஸ் நிலையத்தில் பலமுறை கேட்டதுதான். கடிபட்டவர் கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாய்க்காரர் இன்ஸ்பெக்டர் எதிரே நின்று, "இதுவரைக்கும் யாரையும் ஒண்ணும் பண்ணினதே இல்ல சார்" என்பார். அதற்கு முந்தின நாள் வரை அது உண்மையாகவும் இருக்கும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினார். செவலை இறங்கவில்லை. சீட்டுக்கு அடியில் புகுந்து கொண்டு, கூப்பிடக் கூப்பிட வெளியே வர மறுத்தது. அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள்.

ரவுடியா, பயந்தாங்கொள்ளியா?

"அந்த அல்சேஷன் பொல்லாத நாய்தானே?" என்று மாஸ்டரிடம் கேட்டோம். அவர் சிரித்தார்.

"நீங்க ரவுடிங்களைப் பாத்திருப்பீங்களே. நெஜமான கேடி சத்தம் போடுவானா? சவுண்டு விடுறவன் பாதிப் பேர் பயந்தவன்தான். இதுவும் அப்படித்தான். எதிர நாய் வந்தா இதுக்கு நடுக்கம். 'போடா'ன்னு கத்துது. கத்தினா எதிராளி விலகிப் போறான். அப்போ கத்தினா பலன் இருக்குன்னு கத்துக்குது."

இன்னொரு வகையும் உண்டாம். மற்ற நாயோடு விளையாட ஆசை. கயிறு விடவில்லை. அந்த ஆத்திரம் குரைப்பாக மாறுகிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கயிற்றில் கட்டினால் எகிறும் நாய், அவிழ்த்து விட்டால் சாதுவாகி விடுவதும் உண்டு. அதற்காக அவிழ்த்துப் பார்த்து விடாதீர்கள்!

நாய்க்கு நாய் ஒரு தூரக் கணக்கு இருக்கிறது. ஒரு நாய்க்கு 20 அடி. இன்னொன்றுக்கு 100 அடி. அந்தத் தூரத்துக்கு அப்பால் எதிரி நின்றால் பார்க்கும், காதைத் தூக்கும், பிஸ்கட்டைத் தின்னும். உள்ளே வந்து விட்டாலோ சொந்தக்காரர் பெயர் சொல்லிக் கத்தினாலும் காதில் விழாது. கோழிக்கறியை மூக்கில் வைத்தாலும் தின்னாது. தின்னாத நாய்க்குப் பாடம் ஏறாது. அந்த நேரத்தில் அடிப்பதும், "சிட், சிட்" என்று கத்துவதும் தெண்டம்.

தூரம் தினமும் ஒரே மாதிரி இருக்காது. காலையில் லிப்டில் ஒரு நாயைப் பார்த்தது, வழியில் லாரி ஹாரன், கார் கதவு இடித்தது என்று ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தால், நேற்று 30 அடியில் சும்மா இருந்த நாய் இன்று 60 அடியிலேயே எகிறும். ஒரு தடவை வெறி ஏறினால் உடம்பு அடங்க மணிக்கணக்காகும். சில நாய்களுக்கு ஒரு நாளைக்கு மேலும் ஆகும். அப்படிப்பட்ட நாயை மறுநாளே கூட்டத்தில் நிறுத்துவது, சண்டை போட்ட இரண்டு பேரை ஒரே லாக்கப்பில் போடுவது மாதிரி.

முன்கூட்டியே தெரியாதா?

தெரியும். பார்க்கத் தெரிந்தால் தெரியும்.

உடம்பு விறைக்கும். மூச்சு வாங்கிக் கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும். எடை முன்னங்காலுக்கு வரும். கண் ஒரே இடத்தில் நிலைக்கும். அதற்கும் முன்னால், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும்; தின்ன எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும்; முகத்தைத் திருப்பிக் கொள்ளும். "எனக்குப் பிடிக்கலை" என்று அது மரியாதையாகச் சொல்லும் நேரம் அதுதான்.

வாலை ஆட்டினால் நட்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தப்பு. தூக்கிய வால் விறைப்பாக, வேகமாக ஆடினால் அது தந்தி அடிக்கிறது என்று அர்த்தம். எட்டிப் போய் விடுங்கள்.

உறுமும் நாயை உறுமியதற்காக அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் அது உறுமுவதை விட்டு விடும். கடிப்பதை விடாது. மணி அடிக்காமல் வரும் தீயணைப்பு வண்டி மாதிரி ஆகி விடும்.

கயிறு பேசுகிறது

மாஸ்டர் முதலில் பறிமுதல் செய்தது அந்தச் சுருள் கயிற்றைத்தான். பார்க்கப் பகட்டாக இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்துவதற்குள் நாய் பல அடி தூரம் போய் விடும். கையில் சுற்றினால் விரலை அறுக்கும். பிடி நழுவி விழுந்தால் அந்தப் பெட்டியே தரையில் தடதடவென்று நாயைத் துரத்தும். பயந்த நாய் இன்னும் பயந்து ஓடும்.

ஆறு அடி நீளத்தில் சாதாரணப் பட்டைக் கயிறு போதும். அதையும் விறைப்பாக இழுத்துப் பிடிக்கக் கூடாது. எதிரே நாய் வருவதைப் பார்த்ததும் சொந்தக்காரர் மூச்சைப் பிடித்துக் கொண்டு கயிற்றை இறுக்குகிறார். "எஜமானே பயப்படுறார், ஆபத்துதான்" என்று நாய் முடிவு கட்டி விடுகிறது.

கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள் வைத்த பட்டை இவற்றையும் மாஸ்டர் கழற்றி விட்டார். வேறு நாயைப் பார்க்கும் போதெல்லாம் கழுத்து வலித்தால், வலிக்குக் காரணம் அந்த நாய்தான் என்று இது நினைக்கும். பகை கூடும். மார்புப் பக்கம் வளையம் வைத்த தோள் பட்டை போட்டால், நாய் முன்னே இழுக்கும்போது அதுவே திரும்பி விடுகிறது. கழுத்துக்கும் கேடில்லை.

கடை முதலாளிக்கு அவர் தெருவில் ஒரு பெரியவர் யோசனை சொல்லியிருந்தாராம்: "கீழே தள்ளி, மல்லாத்தி அமுக்கு. நீதான் தலைவன்னு காட்டு!" இந்த யோசனை நம்மூர்ச் சரக்கு அல்ல. சுவிட்சர்லாந்து நாட்டில் பேசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து, ருடால்ப் ஷென்கெல் என்ற ஆராய்ச்சியாளர் 1947-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்தால் அடித்துக் கொள்ளாமல் என்ன செய்யும்? 1970-ல் புத்தகம் எழுதி அந்தக் கருத்தைப் பரப்பிய டேவிட் மீச் என்ற அமெரிக்க நிபுணரே, காட்டு ஓநாய்களைப் பல வருடம் கவனித்த பிறகு அது சரியல்ல என்று எழுதி விட்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான். நம் ஆட்கள் மட்டும் இன்னும் நாயை மல்லாத்திக் கொண்டிருக்கிறார்கள். கடிபட்டுக் கொண்டும் இருக்கிறார்கள்.

"ஓரமா நிக்கவா வந்தேன்?"

மறு வாரம் அல்சேஷனை வரிசையில் நிறுத்த மாஸ்டர் சம்மதிக்கவில்லை. மைதானத்தின் கோடியில், நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். கடை முதலாளிக்குக் கோபம் வந்து விட்டது.

"நானும் பீஸ் கட்டியிருக்கேன் மாஸ்டர். ஓரமா நிக்கவா வந்தேன்?"

"அது ஓரம் இல்ல சார். இன்னிக்கு உங்க நாய்க்கு அதுதான் கிளாஸ்."

"எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும் சார். உங்க நாய் மத்த நாயப் பாத்துக்கிட்டே பிஸ்கட் தின்னுதா, அதை மட்டும் நீங்க பாருங்க."

நடுவில் ஒரு வாரம் வகுப்பே வேண்டாம், முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினார். காட்டியபோது நாய்க்கு இரண்டு காதிலும் சீழ். காது வலிக்கும் நாய்க்கு, பக்கத்தில் யார் வந்தாலும் எரிச்சல்தானே? திடீரென்று குணம் மாறிய நாயை வகுப்புக்கு இழுத்துப் போவதற்கு முன்னால் காது, பல், இடுப்பு மூட்டு மூன்றையும் டாக்டர் பார்த்து விட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம்மூரில் சர்வ சாதாரணம். அதையும் பார்க்க வேண்டும்.

காது ஆறிய பிறகு பாடம் ஆரம்பித்தது. வேனுக்குப் பின்னாலிருந்து இரண்டடி வெளியே. தூரத்தில் ஒரு சாதுவான லாப்ரடார். அல்சேஷன் அதைப் பார்த்ததும் உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. பார்வையை எடுத்ததும் இன்னொரு துண்டு. லாப்ரடார் மறைந்து விட்டால் கோழியும் நின்று விடும். "அந்த நாய் வந்தாத்தான் கறி வருது" என்று அதன் மண்டையில் ஏறும் வரை இதே வேலை. பள்ளிக்கூடத்தில் ரஷ்யாக்காரர் பாவ்லாவ், மணி, நாய், எச்சில் என்று படித்தோமே, அதே சங்கதிதான்.

முறைக்க ஆரம்பித்தால் பேச்சே கிடையாது. "வா" என்று சொல்லி அப்படியே திரும்பி நடக்க வேண்டியது. இந்தத் திரும்பி நடக்கும் வித்தையைச் சொந்தக்காரருக்குப் பழக்கத்தான் அதிக நாள் ஆனது. நாய் இரண்டு நாளில் படித்து விட்டது. செல்போனைப் பையில் போட வைக்க மூன்று வாரம்!

வாய்மூடியும் பழக்கினார்கள். துணியால் வாயை இறுக்கிக் கட்டுவது அல்ல. கூடை போன்றது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. சென்னை வெயிலில் வாயை இறுக்கிக் கட்டினால் நாய் சுருண்டு விழுந்து விடும். கூடைக்குள் கறித் துண்டைப் போட்டு, தானாகவே மூக்கை நுழைக்கும்படி சில நாட்கள் பழக்கிய பிறகுதான் வாரை மாட்டினார்கள்.

இரண்டு மாதம் கழிந்து நிருபர் பார்த்தபோது, அல்சேஷன் லாப்ரடாருக்கு 30 அடி தூரத்தில் இணையாக நடந்தது. அதற்கு மேல் நெருங்க விடவில்லை. எப்போதாவது மற்ற நாய்களோடு கூடிக் குலாவுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு சார் குலாவணும்? யாரையும் இம்சை பண்ணாம ரோட்டுல நடந்தா போதாதா?" என்றார் மாஸ்டர்.

செவலைக்கு வார நாளில் மாலை வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரே ஒரு நாய், கிழட்டு லாப்ரடார். செவலை இப்போது ஆட்டோவை விட்டு இறங்குகிறது. ஆனால் அல்சேஷன் சாயலில் எதைக் கண்டாலும் அதன் வால் காலுக்கு நடுவே போய் விடுகிறது. அந்தப் பெண் பீஸ் இரண்டாம் முறை கட்டவில்லை. மாஸ்டர் வாங்க மாட்டேன் என்று சொல்லி விட்டார். கடை முதலாளி? ஒரு நாள் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, உன் நாய் நல்லா இருக்கா?" என்று கேட்டாராம். "இருக்கு அங்கிள்" என்று சொல்லி விட்டுப் போய் விட்டார்.

பக்கத்தில் நிற்பவர் பாடு

இப்படிப்பட்ட நாய் வகுப்புக்கு வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக் கொண்டிருக்கத் தேவையில்லை. "மாஸ்டர், நான் தள்ளி நிக்கிறேன்" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டும் இடம் கொடுக்காத வகுப்பு, நாய்களைக் கெடுக்கும் வகுப்பு. சேரும் முன்பே ஒரு நாள் நாயை வீட்டில் விட்டு விட்டுப் போய்ப் பாருங்கள். எட்டு நாய்க்கு ஒரே ஆளா, குரைக்கும் நாயை மறைத்து நிறுத்தத் தட்டியோ திரையோ வைத்திருக்கிறார்களா, முதலில் தனியாகச் சோதித்துப் பார்த்துத்தான் கூட்டத்தில் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். இது மூன்றும் இல்லாவிட்டால் பீஸ் மிச்சம்.

நாய் அவிழ்த்துக் கொண்டு உங்கள் நாயை நோக்கி வந்தால் ஓடாதீர்கள். அலறாதீர்கள். பையில் இருக்கும் தின்பண்டம் மொத்தத்தையும் அதன் முகத்துக்கு நேரே தரையில் வீசுங்கள். பாதி நாய் அங்கேயே நின்று பொறுக்கும். சண்டையே மூண்டு விட்டால் கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் போகாதீர்கள். விலக்கப் போனவர் கையில் கடி விழுவது பெரும்பாலும் அங்கேதான். வாளித் தண்ணீரை ஊற்றலாம். குடை, பலகை, நாற்காலி எதையாவது நடுவில் நுழைக்கலாம். ஆள் இருந்தால், ஆளுக்கு ஒரு நாயாக, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னங்கால்களைத் தூக்கி, தள்ளுவண்டியை இழுப்பது போலப் பின்னுக்கு இழுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 மே 5-ந்தேதி இரவு நுங்கம்பாக்கம் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். நாய்க்காரர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் செத்தே போனார். அதற்குப் பிறகு மாநகராட்சி கெடுபிடியை இறுக்கியது. வளர்ப்பு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி, உரிமம், உடம்பில் மைக்ரோசிப் எல்லாம் கட்டாயம் என்றும், உரிமம் இல்லாவிட்டால் ரூ.5 ஆயிரம் அபராதம் என்றும் 2025-ல் அறிவித்தது.

நாயால் மனிதர் உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரும் என்று தெரிந்தும் அசட்டையாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 289-வது பிரிவு, அபராதம் ரூ.1,000 வரைதான்.

அந்தப் பிரிவு மனிதனுக்கு வரும் ஆபத்தைத்தான் பேசுகிறது. செவலை மாதிரி, கடிபடாமல் பயத்திலேயே ஒடுங்கிப் போன நாய்க்கு அதில் இடம் இல்லை.

கடிபட்டால்

கடி ஆழமோ, கீறலோ, உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதை விட நீளம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரிகளில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-வது நாட்களில் போடுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று நாய்க்காரர் சொன்னால், சான்றிதழை வாங்கிக் கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.